பறவைகளுக்குப் பதிவேடு எழுதியவர்: சாலிம் அலி

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் ரஹாங் வட்டாரத்திற்கு வெளியூர் விருந்தாளிகள் வரத் தொடங்குவார்கள். மின்கம்பிகளில் தகைவிலான் குருவிகள் வரிசை பிடித்து உட்காரும். வேலிக் கம்பியின் மேல் பழுப்புக் கீச்சான் ஒன்று தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, வருவோர் போவோரை எல்லாம் அதட்டிக்கொண்டிருக்கும். கால்வாயோரம் உள்ளான், வாலை ஆட்டியபடி இரை தேடும். இவை எவையும் இங்கே கூடு கட்டுவதில்லை, குஞ்சு பொரிப்பதுமில்லை. வடக்கே பனி கொட்டும் மாதங்களை நம்மோடு கழித்துவிட்டு, மார்ச், ஏப்ரல் மாதங்களில் விடைபெற்றுச் செல்கின்றன.

நம் நாட்டில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. வெயில், மழை என்ற இரண்டை மட்டுமே நாம் அறிவோம். ஆனால் சைபீரியாவிலும் வடசீனத்திலும் குளிர்காலம் தொடங்கிவிட்டது என்ற செய்தியைச் சிரம்பானில் இருக்கும் நமக்கு ஒரு பழுப்புக் கீச்சான் வந்து சொல்லிவிடுகிறது. இந்தச் செய்தியைப் படிக்கத் தெரிந்தவர் நம்மில் எத்தனை பேர்? படித்ததை எழுதி வைத்தவர் எத்தனை பேர்?

இந்தக் கேள்வியோடுதான் நான் சாலிம் அலியின் வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கினேன். இந்தியப் பறவையியலின் தந்தை என்று போற்றப்படும் அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய வாழ்க்கை பல்கலைக்கழக மாணவர்களாகிய நமக்கு ஒரு பாடம் என்பேன். நம் மண்ணோடும் அவருக்கு ஒரு தொடர்பு உண்டு. அதையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு சிட்டுக்குருவியின் மஞ்சள் கழுத்து

சாலிம் மொய்சுதீன் அப்துல் அலி 1896 நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். பெரிய குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. ஒரு வயதில் தந்தையை இழந்தார். மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமீருதீன் தையப்ஜியும் மாமி ஹமீதா பேகமும் அவரை வளர்த்தனர். பிள்ளைப்பேறு இல்லாத அந்தத் தம்பதியர், பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகவே ஏற்றுக்கொண்டனர்.

மாமா வேட்டைப் பிரியர். சிறுவன் சாலிமுக்கு ஒரு காற்றுத் துப்பாக்கியைப் பரிசளித்தார். அந்தத் துப்பாக்கியால் சிறுவன் சுட்டு வீழ்த்திய சிட்டுக்குருவிகளில் ஒன்றின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இது வீட்டுக் கூரையில் கூடு கட்டும் சாதாரணச் சிட்டு தானா, வேறு இனமா என்ற ஐயம் எழுந்தது. மாமாவுக்கும் விடை தெரியவில்லை. 1883-இல் தொடங்கப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குச் சிறுவனை அனுப்பி வைத்தார்.

கழகத்தின் கௌரவச் செயலாளர் மில்லார்ட் என்னும் ஆங்கிலேயர். ஒரு வெள்ளைக்காரத் துரையின் அறைக்குள் கையில் செத்த குருவியோடு நுழைவது அந்தக் காலத்து இந்தியச் சிறுவனுக்கு எளிய காரியமாக இருந்திருக்காது. ஆனால் மில்லார்ட் அவனை விரட்டவில்லை. அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று விளக்கினார். கழகம் சேர்த்து வைத்திருந்த பாடம் செய்யப்பட்ட பறவைகளை ஒவ்வோர் இழுப்பறையாகத் திறந்து காட்டினார். படிக்கப் புத்தகங்களும் கொடுத்தார். ஒரு பெரியவர் ஒரு சிறுவனுக்காக ஒதுக்கிய அந்தச் சிறிது நேரம் ஒரு நாட்டின் பறவையியலுக்கே அடித்தளமானது. பிற்காலத்தில் தம் தன்வரலாற்றை எழுதியபோது, ஒரு சிட்டின் வீழ்ச்சி என்று பொருள்படும் தலைப்பையே சாலிம் அலி அதற்கு வைத்தார்.

தவாயும் பம்பாயும்

படிப்பில் அவர் சூரர் அல்லர். 1913-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். கல்லூரியில் சேர்ந்தும் நிலைக்கவில்லை. 1914-இல் குடும்பத்தினரின் வுல்ஃப்ரம் சுரங்கத் தொழிலையும் மர வணிகத்தையும் கவனிக்கப் பர்மாவின் தவாய் பகுதிக்குச் சென்றார். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நாம் வாழும் இந்த நீண்ட தீபகற்பம் வடக்கே ஏறிச் சென்று பர்மாவோடு சேரும் பகுதிதான் தெனாசரிம். தவாய் அங்கேதான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான தமிழர்கள் பிழைப்புத் தேடிப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய காலம் அது. இந்த இளைஞரும் பிழைப்புக்காகத்தான் போனார். சுரங்கக் கணக்கில் மனம் ஒட்டவில்லை. சுற்றிலும் இருந்த காட்டில்தான் ஒட்டியது.

1917-இல் பம்பாய் திரும்பியவர் வணிகக் கல்லூரியில் சட்டமும் கணக்கியலும் பயின்றார். அவருடைய உண்மையான ஆர்வத்தைக் கண்டுகொண்டவர் புனித சேவியர் கல்லூரியின் பாதிரியார் எதல்பர்ட் பிளாட்டர். அவருடைய தூண்டுதலால் சாலிம் அலி விலங்கியல் வகுப்புகளிலும் கலந்துகொண்டார். 1918-இல் தெஹ்மினா பேகத்தை மணந்தார். பிறகு மறுபடியும் பர்மா, மறுபடியும் வணிகம். அதுவும் கைகொடுக்காமல் 1920-களின் நடுவில் பம்பாய்க்கே திரும்பினார்.

பட்டம் இல்லாதவர்

இனி வருவதை நம் மாணவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பறவையியலாளர் பதவி ஒன்று காலியானது. சாலிம் அலி விண்ணப்பித்தார். முறையான பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்பதால் வேலை கிடைக்கவில்லை. 1926-இல் பம்பாய் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தில் வருகையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் வழிகாட்டி விரிவுரையாளர் வேலை கிடைத்தது. இரண்டு ஆண்டுகளில், கற்றது போதாது என்று உணர்ந்தார். விடுப்பு எடுத்துக்கொண்டு 1928-இல் ஜெர்மனிக்குச் சென்றார்.

பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரெசமன் என்னும் பேரறிஞரிடம் பயிற்சி பெற்றார். செத்த பறவையை அளந்து பெயரிடுவது மட்டும் பறவையியல் ஆகாது. உயிருள்ள பறவை எப்படி வாழ்கிறது என்று பார்ப்பதே பெரிய அறிவு என்ற பார்வையை அங்கே பெற்றார். ஹெலிகோலாந்து தீவில் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டுப் பறக்கவிடும் முறையையும் நேரில் கற்றார்.

1930-இல் நாடு திரும்பியபோது வேலை இல்லை. நிதிப் பற்றாக்குறையால் அந்தப் பதவியையே நீக்கிவிட்டிருந்தார்கள். முப்பத்து மூன்று வயது. கையில் பட்டமும் இல்லை, சம்பளமும் இல்லை. செலவைக் குறைக்க, மனைவியோடு பம்பாய்க்கு எதிர்க்கரையில் உள்ள கிஹிம் என்னும் கடலோர ஊருக்குக் குடிபெயர்ந்தார்.

அங்கே மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. தூக்கணாங்குருவியைத் தமிழர்களாகிய நமக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மழையில் நனைந்த குரங்குக்குப் புத்தி சொல்லப்போய்க் கூட்டை இழந்த கதையை நாம் ஆரம்பப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். நம் மலாய் நண்பர்களும், காரணம் இல்லாமல் தெம்புவா தாழ்வாகக் கூடு கட்டாது என்ற கருத்தில் ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். எல்லாரும் பார்த்த பறவைதான். ஆனால் நாள்தோறும் உட்கார்ந்து பார்த்தவர் சாலிம் அலி.

அவர் கண்டது என்ன? கூடு கட்டுவது ஆண் குருவி மட்டுமே. பாதி கட்டிய நிலையில் பெண் குருவிகள் வந்து கூட்டைச் சோதித்துப் பார்க்கின்றன. பிடித்திருந்தால் ஒரு பெண் குருவி அந்தக் கூட்டில் குடியேறுகிறது. அதன் பிறகே ஆண் குருவி மீதிக் கூட்டையும் நுழைவாயில் குழாயையும் கட்டி முடிக்கிறது. முடித்த கையோடு அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த துணைக்கு அழைப்பு விடுகிறது. இந்த ஆய்வு வெளியானதும் வேலையில்லாத அந்த மனிதரின் பெயர் பறவையியல் உலகில் பேசப்பட்டது.

இதைச் செய்ய அவருக்கு என்ன கருவி தேவைப்பட்டது? பார்க்க ஒரு மறைவிடம், ஒரு நோட்டுப் புத்தகம், நிறையப் பொறுமை. பட்டம் அவருக்குப் பிறகுதான் வந்தது. பல பல்கலைக்கழகங்கள் தாமாகவே முன்வந்து கௌரவப் பட்டங்களாகக் கொடுத்தன.

ஊர் ஊராக

வேலை கிடைக்காத சாலிம் அலி தமக்குத் தாமே ஒரு வேலையை உண்டாக்கிக்கொண்டார். அன்றைய இந்தியாவில் பல சமஸ்தானங்களின் பறவைகள் முறையாகக் கணக்கெடுக்கப்படவே இல்லை. பயணச் செலவை ஏற்றுக்கொண்டால் சம்பளம் இல்லாமல் கணக்கெடுத்துத் தருகிறேன் என்று கழகத்தின் வழியாகச் சமஸ்தானங்களுக்கு அறிவித்தார். ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி, குவாலியர், இந்தூர், போபால் என்று அடுத்தடுத்து அழைப்புகள் வந்தன. 1930-கள் முழுவதும் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் காடு மேடெல்லாம் சுற்றினார்.

தெஹ்மினா அந்தக் கூடாரங்களுக்கெல்லாம் உடன் சென்றார். வசதியாக வளர்ந்தவர், கணவருக்காகக் காட்டு வாழ்க்கையை விரும்பி ஏற்றார். 1939-இல் சிறிய அறுவை சிகிச்சை ஒன்றைத் தொடர்ந்து அவர் காலமானார். சாலிம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. சகோதரி வீட்டில் தங்கிக்கொண்டு எஞ்சிய நாற்பத்தெட்டு ஆண்டுகளையும் பறவைகளுக்கே கொடுத்தார்.

1941-இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கையேடு வெளிவந்தது. வண்ணப் படங்கள், எளிய வருணனை, எங்கே எப்போது காணலாம் என்ற குறிப்பு, இவ்வளவுதான். ஆனால் அதுவரை துரைமார்களின் பொழுதுபோக்காக இருந்த பறவை நோக்கலை அந்த நூல் சாதாரண மக்களின் கைக்குக் கொண்டு வந்தது. ஜவஹர்லால் நேரு தம் மகள் இந்திராவுக்குப் படிக்கக் கொடுத்த நூல்களில் அதுவும் ஒன்று.

பின்னர் அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிகள் 1968 முதல் 1974 வரை வெளிவந்தன. அத்தொகுதிகளில் பறவைகளுக்கு இந்திய மொழிகளில் வழங்கும் பெயர்களும் உள்ளன. தமிழ்ப் பெயர்களும் அவற்றில் அடக்கம். பெயர் தெரியாத வேடரும் உழவரும் மீனவரும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய சொற்கள் அறிவியல் நூலில் இடம் பிடித்தன.

கோலாலம்பூரில் பிறந்த நண்பர்

சாலிம் அலியின் நெருங்கிய நண்பர்களில் ஒருவர் நம் நாட்டில் பிறந்தவர். லோக் வான் தோ என்பது அவர் பெயர். கோலாலம்பூரின் பெருஞ்செல்வர் லோக் இயூவின் மகன். 1915-இல் பிறந்து இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் படித்தவர். கேத்தே திரையரங்குகளின் உரிமையாளர் என்றால் நம் தாத்தா பாட்டிமார்களுக்கு உடனே விளங்கும்.

1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படை சிங்கப்பூரை நெருங்கியபோது அவர் கப்பலேறித் தப்பினார். அந்தக் கப்பல் குண்டுவீச்சுக்கு இலக்காகி மூழ்கியது. தீக்காயங்களோடு உயிர் பிழைத்து, இறுதியில் இந்தியா சென்று சேர்ந்தார். பறவை ஆர்வம் அவரைப் பம்பாயில் சாலிம் அலியிடம் கொண்டு சேர்த்தது. அகதியாக வந்த சீனச் செல்வரும் செல்வத்தைத் தேடாத முஸ்லிம் அறிஞரும் பறவையின் பெயரால் நண்பர்களானார்கள். சேர்ந்தே பயணம் செய்தார்கள். லோக் வான் தோ தலைசிறந்த பறவைப் புகைப்படக் கலைஞர் ஆனார். போர் முடிந்து ஊர் திரும்பிய பிறகும் சாலிம் அலியின் களப்பயணங்களுக்குப் பொருளுதவி செய்தார். தம் பறவை அனுபவங்களை 1957-இல் நூலாகவும் வெளியிட்டார். 1964 ஜூன் 20-இல் தைவானில் நடந்த விமான விபத்தில் அவரும் அவர் மனைவியும் உயிரிழந்தனர்.

மலேசியாவில் பறவை நோக்கல் என்பது வெளியிலிருந்து இறக்குமதியான பழக்கம் என்று சிலர் எண்ணுவதுண்டு. லோக் வான் தோவின் வாழ்க்கை அவர்களுக்கு விடை சொல்லும்.

காலில் ஒரு வளையம்

வலசைப் பறவைகளைப் பற்றித் தமிழர்கள் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விட்ட பாடலை நாம் இடைநிலைப் பள்ளியில் படித்திருக்கிறோம். தெற்கே குமரித்துறை வரை வந்துவிட்டு வடதிசை திரும்பும் நாரையை அவர் கண்ணால் கண்டிருக்க வேண்டும். ஆனால் ஒரு குறிப்பிட்ட பறவை எங்கிருந்து வந்தது, எங்கே போனது, அடுத்த ஆண்டு திரும்பி வந்ததா என்பதைக் கண் மட்டும் கொண்டு அறிய முடியாது. அதற்குத்தான் வளையம்.

எடை குறைந்த உலோக வளையம் ஒன்றில் ஓர் எண்ணையும் கழகத்தின் பெயரையும் பொறிப்பார்கள். பறவையை வலையில் பிடித்து, அளந்து, எடை பார்த்து, வளையத்தைக் காலில் பொருத்திப் பறக்கவிடுவார்கள். தேதி, இடம், எண் மூன்றும் பதிவேட்டில் ஏறும். எங்கோ ஒருவர் அந்தப் பறவையைக் கண்டெடுத்து எழுதினால்தான் கதை நிறைவு பெறும். அந்த வளையம் முகம் தெரியாத ஒருவருக்கு எழுதிய கடிதம் போன்றது. பதில் வர ஆண்டுகள் ஆகலாம், வராமலும் போகலாம். இராஜஸ்தானத்துப் பரத்பூரில் வளையமிட்ட வாத்துகளைப் பற்றிச் சைபீரியாவிலிருந்தே பதில்கள் வந்தன.

சாலிம் அலி இந்தப் பணியைப் பெரிய அளவில் தொடங்கியது 1950-களின் முடிவில். 1957-இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் புதிய காய்ச்சல் ஒன்று பரவியது. உண்ணி மூலம் பரவும் அந்த நோயை வலசைப் பறவைகள் கொண்டு வந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்ததால் உலகச் சுகாதார நிறுவனம் ஆய்வுக்கு உதவியது. பிறகு அமெரிக்க இராணுவ நிதியில் ஆசிய நாடுகள் பலவற்றில் நடந்த வலசைப் பறவை ஆய்வுத் திட்டத்திலும் கழகம் பங்கு பெற்றது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பது இந்தியாவில் பெரும் சர்ச்சையானதையும் மறைக்க வேண்டியதில்லை.

அதே ஆசியத் திட்டத்தில் நம் நாடும் இருந்தது. திட்டத்தின் தலைவர் மெக்ளூர் அதற்கு முன் கோலாலம்பூரில் பணியாற்றியவர். 1963 முதல் 1971 வரை ஆசியா முழுவதும் பத்து லட்சத்திற்கும் அதிகமான பறவைகளுக்கு வளையமிட்டார்கள். 1960-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கற்பித்த மெட்வே பிரபுவும் வலசைப் பறவை ஆய்வில் பெரும் பங்காற்றினார்.

தமிழ்நாட்டில் இப்பணிக்கு ஏற்ற இடம் நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடிக்கரை. வங்கக்கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் மூலையில் உப்பளங்களும் சேற்று நிலங்களும் விரிந்து கிடக்கின்றன. குளிர்கால மாதங்களில் பூநாரைகளும் உள்ளான்களும் ஆயிரக்கணக்கில் அங்கே இறங்கும். 1967-இல் அது சரணாலயம் ஆனது. அங்கே பறவைகளை வலையில் பிடித்துக் கொடுத்தவர்கள் பீகாரிலிருந்து வந்த பரம்பரைப் பறவை பிடிப்பவர்கள். ஒரு காலத்தில் விற்பதற்காகப் பிடித்த கைகள், இப்போது காயம் படாமல் பிடித்து விடுவித்தன. பள்ளிக்கூடம் கற்றுத் தராத அந்தத் திறமையைச் சாலிம் அலி மதித்தார். ஏட்டறிவும் பட்டறிவும் ஒரே கூடாரத்தில் உட்கார்ந்த காட்சி அது.

கண்டதைப் பகிர்தல்

சாலிம் அலியின் அறிவு முழுவதும் அவர் கண்ணால் மட்டும் கண்டதன்று. பம்பாய்க் கழகம் 1886 முதல் ஓர் ஆய்விதழ் நடத்தி வருகிறது. அதன் கடைசிப் பக்கங்களில் பல்வகைக் குறிப்புகள் என்றொரு பகுதி உண்டு. வன அதிகாரி, தோட்டத் துரை, மருத்துவர், இரயில்வே ஊழியர் எனப் பலரும் தாம் கண்ட ஒரு பறவையைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்புவார்கள். 1960 வாக்கில் ஜாபர் ஃபுதேஹலி என்பவர் பறவை ஆர்வலர்களுக்கென்றே ஒரு செய்தி மடலைத் தொடங்கினார். முதலில் சைக்ளோஸ்டைல் செய்த சில தாள்கள்தான். இந்த ஆண்டு முதல் வாலாட்டி எங்கள் ஊருக்கு எந்த நாளில் வந்தது என்பது போன்ற செய்திகளை வாசகர்கள் எழுதினார்கள். தனித்தனியே பார்த்தால் அற்பமான செய்தி. ஐம்பது ஊர்களிலிருந்து ஐம்பது பேர் எழுதினால் ஒரு பறவை ஒரு துணைக்கண்டத்தைக் கடக்கும் பாதையே தெரிந்துவிடும்.

தமக்கு வரும் கடிதங்களுக்குச் சாலிம் அலி பதில் எழுதுவார். ஆனால் கண்டிப்பானவர். தேதி இல்லாத, இடம் இல்லாத, உறுதியில்லாத குறிப்புகளை ஏற்கமாட்டார். கழுத்து மஞ்சளாக இருந்தது என்று அன்று மில்லார்டிடம் காட்டிய அதே கவனத்தைப் பிறரிடமும் எதிர்பார்த்தார்.

அவரிடம் சுவையான பக்கங்களும் உண்டு. மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். 1950-இல் சுவீடனின் உப்சாலா நகரில் நடந்த உலகப் பறவையியல் மாநாட்டுக்குத் தம் சன்பீம் வண்டியைக் கப்பலில் ஏற்றிச் சென்று, ஐரோப்பாவைச் சுற்றி ஓட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று.

குறிப்பே சாட்சி

ஒருவரைப் போற்றி எழுதும்போது அவரை முனிவராக்கிவிடுவது நம் வழக்கம். சாலிம் அலி முனிவர் அல்லர். ஆய்வுக்காக ஏராளமான பறவைகளைச் சுட்டவர். அதை அவர் ஒளிக்கவும் இல்லை. பரத்பூர் ஏரி மன்னர்களின் வாத்து வேட்டைக் களமாக இருந்தது. அதைக் காக்க அவர் பல்லாண்டு போராடினார். 1980-களின் தொடக்கத்தில் அது தேசியப் பூங்கா ஆனபோது உள்ளே எருமை மேய்க்கத் தடை வந்தது. அவரும் அத்தடையை ஆதரித்தார். 1982-இல் அதை எதிர்த்த கிராமத்தினர் சிலர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர்.

பின்னர் நடந்தது என்ன? மேய்ச்சல் நின்றதும் புல்லும் நீர்க்களையும் மண்டி, பறவைகளுக்கு வேண்டிய திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. எருமைகள் ஏரிக்கு உதவிக்கொண்டிருந்தன என்பது தெரிய வந்தது. இதை வெளிப்படுத்தியது யார் தெரியுமா? சாலிம் அலியின் சொந்தக் கழகம் ஆண்டுக்கணக்கில் நடத்திய ஆய்வு. குருவின் கருத்தையே திருத்தும் துணிவு பதிவேட்டுக்கு இருந்தது. அவர் விட்டுச் சென்ற பழக்கம் அவரை விடப் பெரியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கிராமத்து மேய்ப்பர்களை முன்பே கேட்டிருந்தால் சில உயிர்கள் தப்பியிருக்கும் என்ற எண்ணமும் எனக்கு எழாமல் இல்லை.

இன்னொரு நிகழ்ச்சி தமிழ்நாட்டு மேகமலையைச் சேர்ந்தது. 1948-இல் அங்கே தோட்டப் பணியில் இருந்த ஆங்கஸ் ஹட்டன் என்னும் இயற்கை ஆர்வலர் ஒரு பழந்தின்னி வௌவாலைச் சேகரித்தார். சாதாரண இனம் என்று கருதி அது பம்பாய்க் கழகத்தின் இழுப்பறைக்குப் போய்விட்டது. இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1972-இல், தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதை எடுத்து ஆராய்ந்து, உலகம் அறியாத புதிய இனம் என்று கண்டறிந்து, சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். இடமும் நாளும் எழுதிய சீட்டு அதனோடு இல்லாதிருந்தால் அந்த வௌவால் எந்த மலையைச் சேர்ந்தது என்று யார் சொல்லியிருக்க முடியும்?

பத்ம பூஷண் (1958), பத்ம விபூஷண் (1976), கெட்டி வனவிலங்குப் பாதுகாப்புப் பரிசு எனப் பல சிறப்புகள் அவரைத் தேடி வந்தன. கெட்டி பரிசுத் தொகையைக் கொண்டு இயற்கைப் பாதுகாப்பு நிதி ஒன்றை ஏற்படுத்தினார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை அணைக்கட்டிலிருந்து காக்கக் குரல் கொடுத்தார். 1985-இல் இந்திய மேலவையின் நியமன உறுப்பினரானார். 1987-இல் தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார். அவர் பெயரிலான பறவையியல் ஆய்வு மையம் 1990-இல் கோயம்புத்தூர் அருகே ஆனைகட்டியில் அமைந்தது. அவர் பிறந்த நாளான நவம்பர் 12 இந்தியாவில் பறவை நோக்கல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

ரஹாங்கில் நாம்

நம் முன்னோர் தோட்டத்தில் வாழ்ந்தார்கள். விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் நின்று, இருட்டு விலகும் வேளையில் பால்மரத்தடியில் இருந்தவர்கள். பறவைகளை அவர்களைப் போல் அருகிருந்து பார்த்தவர்கள் எவரும் இல்லை. செம்போத்து கூவினால் என்ன பொருள், கூகை அலறினால் என்ன பொருள் என்று என் பாட்டிக்குத் தெரியும். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. எலிகளைப் பிடிக்கக் கூகைக்கு மரப்பெட்டியில் வீடு வைத்துக் கொடுத்தது தோட்ட நிர்வாகம். அபசகுனம் என்று விரட்டிய பறவை தோட்டத்தின் காவல்காரனாக மாறியது. பிறகு செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயங்கள் மறைந்தன. அங்கே பறவை பார்த்தவர்களும் ஒருவர் பின் ஒருவராக மறைந்து வருகிறார்கள்.

பெரட்டில் கிராணியார் ஆள் கணக்கை நாள் தவறாமல் எழுதினார். யார் வந்தார், யார் வரவில்லை என்பதெல்லாம் ஏட்டில் ஏறியது. துரைமார்கள் கண்ட பறவைகள் ஆய்விதழில் ஏறின. நம்மவர் கண்ட பறவைகள் மட்டும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. கேட்பார் இல்லை, எழுதுவாரும் இல்லை. இந்த இழப்பை இனியாவது குறைக்க வேண்டாமா?

எங்கள் ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பழக்கத்தை வைத்திருக்கிறோம். வார இறுதியில் கண்ட பறவைகளைத் தேதி, நேரம், இடம், எண்ணிக்கையோடு ஒரு நோட்டில் எழுதுவோம். மாதம் ஒரு முறை நோட்டுகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். பெயர் உறுதியாகாத பறவைக்கு நேராகக் கேள்விக்குறி மட்டும் இருக்கும். ஆலயத்துப் பின்புற வேலிக்கு முதல் கீச்சான் வந்த நாள் எது, கடைசியாகக் காணப்பட்ட நாள் எது என்று இப்போது எங்களால் சொல்ல முடியும். பெரிய சாதனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வேலி நாளை இல்லாமல் போனால், அங்கே ஒரு பறவை ஆண்டுதோறும் வந்தது என்பதற்கு அந்த நோட்டுத்தான் சாட்சி.

நம் அருகிலேயே இதற்குப் பெரிய வாய்ப்புகள் உண்டு. போர்ட் டிக்சனுக்கு அருகில் உள்ள தஞ்சோங் துவான் முனைக்கு மார்ச் மாதத்தில் சென்றால், சுமத்திராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் தேன் பருந்துகளைக் காணலாம். அங்கே நீரிணையின் அகலம் ஏறத்தாழ 38 கிலோமீட்டர்தான். மலேசிய இயற்கைக் கழகம் 2000-ஆம் ஆண்டில் அங்கே பருந்து நோக்கும் விழாவைத் தொடங்கியது. ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். பொங்கலை நாமும்தான் கொண்டாடுகிறோம். அந்த நான்கு நாளில் ஒரு கால்மணி நேரத்தை நம் வீட்டுப் பின்புறத்துப் பறவைகளுக்கு ஒதுக்கினால் என்ன?

பேரவையின் இளையோருக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, உங்கள் ஊருக்கு இந்த ஆண்டு வரும் முதல் வலசைப் பறவையின் தேதியைக் குறித்து வையுங்கள். மற்றொன்று, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் தோட்டத்தில் பறவைகளுக்கு வழங்கிய பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். எந்தத் தோட்டம், யார் சொன்னது, எந்த நாள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முன்னாள் மாணவர்கள் தங்கள் நினைவில் உள்ளவற்றை எழுதி அனுப்பினால், அடுத்த ஆண்டு இதழில் ஒரு சிறு பட்டியலையாவது வெளியிடலாம்.

பறவைகளுக்கு நம் உதவி இல்லாமலேயே வழி தெரியும். வந்து போனதை எழுதி வைப்பது மட்டும் நம் வேலை. பட்டமோ பதவியோ பணமோ இல்லாத நிலையில் அந்த வேலையைத் தொடங்கி, தொண்ணூறு வயது வரை விடாமல் செய்த ஒருவர் நம் கண்முன்னே வாழ்ந்து காட்டியிருக்கிறார்.